லாரிக்குப் பதவி தெரியாது

இடமாறுதல் ஆணை ஒரே வரியில் வந்துவிடும். வீட்டைக் கட்டி ஏற்றுவதுதான் பெரும்பாடு. விரும்பிக் கேட்டுப் பெற்ற மாறுதலுக்குப் பயணப்படி இல்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். அரசே அனுப்பும்போது?

நடுவண் அரசு 2017இல் வகுத்த விதிப்படி, ஊதிய நிலை 6 முதல் மேலுள்ளோர் 6,000 கிலோ வரை கொண்டுசெல்லலாம். சாலைவழிக் கட்டணம் கிலோமீட்டருக்கு ரூ.50. நிலை 4 வரையுள்ளோருக்கு 1,500 கிலோ, ரூ.15. புதுக்கோட்டையிலிருந்து சென்னை ஏறத்தாழ 380 கி.மீ. அதிகாரிக்கு உச்சவரம்பு 19,000 ரூபாய், எழுத்தருக்கு 5,700. அகவிலைப்படியோடு இத்தொகைகள் உயரலாம், ஏற்றத்தாழ்வு குறையாது. இதர செலவுக்கான மாறுதல் கொடையும் அடிப்படை ஊதியத்தில் 80 விழுக்காடுதான். சிறிய சம்பளத்துக்குச் சிறிய தொகை.

லாரிக்காரர் பதவி பார்த்து வாடகை கேட்பதில்லை. கட்டிலும் பீரோவும் எழுத்தர் வீட்டிலும் உண்டு. சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கழிபவை புத்தகங்கள். கனம் அவற்றுக்குத்தானே அதிகம்.

புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்னும் ஆசிரிய இணையர் உருவாக்கிய ஞானாலயா நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. அத்தகைய சேகரிப்பின் முதல் பெட்டி எந்த எழுத்தர் வீட்டிலும் இருக்கக்கூடும். அது பழைய பேப்பர் கடைக்குப் போகலாகாது. அரசு தூரத்தைக் கணக்கிடட்டும், எடையைக் கணக்கிடட்டும்; பதவியை எதற்கு?