நீல மாத்திரையும் பாட்டியம்மாளும்

பாம்பன், மண்டபம், இராமேசுவரம் பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் வாசிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு உண்டு. இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்தது அது. ரத்த சோகையைத் தடுக்க 2012-ஆம் ஆண்டில் தேசம் முழுவதற்கும் வகுத்த திட்டம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை உண்டென்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுவதால், ஏற்பாடு அவசியமானதே. ஆனால் மாத்திரையைக் கொடுப்பவர் உபாத்தியாயர். அது உடம்பில் சேருமா, குப்பையில் சேருமா என்று தீர்மானிப்பது வீடு.

எப்படி என்று கேட்பீர்கள். மாத்திரை தின்ற பெண்ணுக்கு மலம் கறுத்துப் போகலாம், வயிற்றைப் புரட்டலாம். பாட்டியம்மாள் பயந்துபோய், "இனி அதை வாயில் வைக்காதே, தாயி!" என்கிறாள். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அடுத்த வாரம் மாத்திரை ஜன்னல் வழியே போய்விடும். கறுப்பது இரும்பின் குணமே, விஷமல்ல. உணவுக்குப் பிறகு தின்றால் புரட்டல் குறையும். இதைப் பாட்டிக்கு முன்கூட்டியே சொன்னவர் யார்?

தேநீர் விஷயமும் அப்படித்தான். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் இரும்பை உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். உணவுடன் மீனோ எலுமிச்சையோ இருந்தால் கீரையிலுள்ள இரும்பும் நன்றாகச் சேரும். மீனுக்கா இந்தக் கரையில் பஞ்சம்? (விலையைக் கேட்டால் பஞ்சந்தான்!) கொக்கிப் புழுவோ, அசுத்தமான ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் பாதத்தைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சுகிறது. பூச்சி மாத்திரையைப் பள்ளிக்கூடம் கொடுக்கும். செருப்பை வீட்டார்தான் மாட்டிவிட வேண்டும்.

பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை என்று குறை சொல்கிறார்கள். எப்படி வருவார்கள்? காலையில் கிளம்பிய விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரை சேருகிறது. கடற்பாசி எடுக்கும் தாய்மார்கள் காலையிலேயே தண்ணீரில் இறங்குகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் வீட்டில் இருக்கிறார். அப்போது பள்ளிக்கூடம் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது!

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கூட்டத்தின் நேரத்தை அவர்கள் கேட்டு வாங்கலாமே! படகுகள் கரையில் நிற்கும் நாளாகப் பார்த்து, சாயங்காலம் கூடட்டும். பாட்டியம்மாளுக்கும் ஒரு நாற்காலி போடட்டும்.