தறியின் மறுபக்கத்துப் பையன்

சென்ற மாதம் காஞ்சிபுரத்தில் ஓர் இலக்கியக் கூட்டம். தொடங்கச் சற்றுத் தாமதமாயிற்று. முன்வரிசையில் நண்பர்கள் சிலர் ஒரு கைபேசியைச் சுற்றிக் குழுமியிருந்தார்கள். திரையில் புதுமைச் சாதனங்களின் அணிவகுப்பு: தேநீரைத் தானே கலக்கிக்கொள்ளும் கோப்பை, ஒரே அழுத்தில் வாழைப்பழத்தை வில்லைகளாக்கும் கருவி, விரலில் எண்ணெய் படாமல் நொறுக்குத்தீனி தின்ன விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் இடுக்கி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வியப்பொலி. "என்ன மூளை பாருங்கள்!" என்றார் ஒருவர்.

அரை மணி நேரம் கழித்து அவரே மேடையேறினார். தறிக்குள் இயந்திரம் புகுந்துவிட்டது, காஞ்சிப் பட்டின் ஆன்மா செத்துக்கொண்டிருக்கிறது என்று உருகினார். அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாழைப்பழம் நறுக்குவதற்கு ஒரு கருவி வந்தால் அது மனித அறிவின் வெற்றி. நெசவாளியின் தோள்வலியைக் குறைக்க ஒரு கருவி வந்தால் அது பண்பாட்டின் அழிவு. நம் இலக்கிய அன்பர்கள் பலரின் உள்ளத்தில் இந்த இரண்டு எண்ணங்களும் ஒன்றையொன்று சந்திக்காமலே குடியிருக்கின்றன. இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதே என் கேள்வி.

விசித்திரச் சாதனங்களின் மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. ஜப்பானில் கென்ஜி கவாகாமி என்பவர் இதை ஒரு கலையாகவே வளர்த்தார். காலணி நனையாமலிருக்க அதன் நுனியில் ஒரு குட்டிக் குடை, சூடான நூடுல்ஸை ஆற்ற உணவுக்குச்சியில் ஒரு சிறு விசிறி என அவர் அறிமுகப்படுத்தியவற்றுக்குச் 'சிந்தோகு' என்று பெயர். அவற்றுக்கு அவர் விதிகளும் வகுத்தார். அவற்றுள் முக்கியமானது, இவற்றை விற்கக் கூடாது என்பது. காப்புரிமையும் பெறக் கூடாது. தேவையற்றதைத் தேவையென நம்பவைக்கும் சந்தையை எள்ளி நகையாடவே அவர் அவற்றைச் செய்தார். அந்த நகைச்சுவை புரியாமல் அதே வகைப் பொருள்களை உண்மையாகவே விற்கிறது இன்றைய சந்தை. அதைவிடப் புரியாமல் நாம் வாங்குகிறோம். போகட்டும், வாழைப்பழத்தை எப்படி வேண்டுமானாலும் நறுக்கிக்கொள்ளுங்கள். தறியைப் பற்றிப் பேசும்போது மட்டும் சற்று நிதானியுங்கள்.

நான் முசரவாக்கத்தில் நெசவு வீட்டில் பிறந்தவன். கோர்வை என்ற சொல்லைப் பட்டுக்கடை விளம்பரங்களில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி ஊடையாக ஓடி, சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளி ஒருவரால் மூன்றையும் ஆள முடியாது. ஆகவே மறுகரையின் நாடாவைத் தள்ள, பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் அது நான்.

1980களின் இறுதி. பள்ளிக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம், வந்தபின் விளக்கு வைத்தும் வெகுநேரம். வாங்குவதும் தள்ளுவதும், வாங்குவதும் தள்ளுவதும். ஒரு நொடி கண்ணயர்ந்தால் கோர்வை விட்டுப்போகும். துணியில் ஒரு மயிரிழை இடைவெளி விழும். முதுகில் அப்பாவின் கை விழும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடைவெளிக்குக் கூலி பிடிப்பவர் வேறொருவர். அப்பா தறியை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அவரது வலது கை தோளுக்கு மேல் எழாது. சட்டை மாட்ட அம்மாதான் உதவுகிறார்.

மேடையில் நண்பர் சொன்ன ஆன்மாவை நான் அந்த வீட்டில் தேடிப் பார்த்திருக்கிறேன். அது பட்டில் இருந்தது, சாயத்தில் இருந்தது, கரையும் உடலும் கவ்விக்கொள்ளும் அந்த நுட்பத்தில் இருந்தது. தூக்கம் கலையாத ஒரு பையனின் கையில் அது இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பக்கத்தில் ஆள் இல்லாமலே ஒருவர் கோர்வை நெய்யும்படி தறியின் அமைப்பை மாற்றும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்குவதற்குப் பதிலாகச் சிறு மோட்டார் தூக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. இவற்றைத்தான் 'இயந்திரம் புகுந்துவிட்டது' என்கிறார் நண்பர். சரி, அந்த ஜக்கார்டு எங்கிருந்து வந்தது?

பழைய பட்டுத்தறிகளில் பூ வேலைக்குப் பாவு இழைகளைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன் வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலும் அதே கதைதான். பிரான்சின் லியோன் நகரில் நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ஜோசப் மாரி ஜக்கார்டு, 1804ஆம் ஆண்டு வாக்கில் துளையிட்ட அட்டைகளால் அந்த இழைகளைத் தூக்கும் கருவியை உருவாக்கினார். அந்தப் பையனின் வேலை தேவையற்றுப்போனது. பின்னாளில் கணிப்பொறிக்கு முன்னோடியான சார்லஸ் பாபேஜ் தம் இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டது இந்த அட்டைகளைத்தான். அதற்கும் முன்னால், 1733இல் இங்கிலாந்தின் ஜான் கே விசைநாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை அகலத் துணி நெய்ய இருவர் தேவைப்பட்டார்கள். அதன்பின் ஒருவர் போதும்.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் செய்த வேலை ஒன்றே: தறியின் அருகே உட்கார்ந்திருந்த இரண்டாவது ஆளை எழுப்பி அனுப்பின. இன்று காஞ்சி மரபின் அடையாளம் என்று நீங்கள் புகைப்படம் எடுத்துச் செல்லும் தறிக்கு மேலே தொங்குகிறதே அட்டைமாலை, அது ஒரு பிரெஞ்சுக்காரரின் புதுமைச் சாதனம். நேற்றைய கருவியை மரபென்று வணங்கிவிட்டு இன்றைய கருவியை மட்டும் வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஜான் கேயையும் ஜக்கார்டையும் நெசவாளர்களே எதிர்த்தார்கள். அவர்கள் மூடர்கள் அல்லர். கருவி மிச்சப்படுத்தும் உழைப்பின் பயன் யார் மடியில் விழும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் பலமுறை மெய்யாகியும் இருக்கிறது. நம் ஊரிலும் விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதை எல்லோரும் அறிவோம். சேலை உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கி 1985இல் சட்டம் வந்ததும் இந்த அச்சத்தால்தான். அந்தச் சட்டம் வேண்டும். இன்னும் கறாராக நடைமுறைக்கு வரவும் வேண்டும். ஆனால் நெசவாளியைத் தறியிலிருந்து எழுப்பித் துரத்தும் இயந்திரம் வேறு. அவரைத் தறியிலேயே வலியின்றி உட்காரவைக்கும் கருவி வேறு. இரண்டையும் 'இயந்திரம்' என்ற ஒரே சொல்லால் கட்டிப்போடுவது சோம்பல்.

வேறுபாடு விளங்க ஒரு மனிதரைச் சொல்கிறேன். தெலங்கானாவின் ஆலேர் அருகே சார்ஜிப்பேட்டையைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். போச்சம்பள்ளிச் சேலைக்கு நெய்யுமுன் நூலை ஆணிகளின் மேல் முன்னும் பின்னுமாகச் சுற்ற வேண்டும். 'ஆசு' என்பது அதன் பெயர். ஒரு சேலைக்குச் சுமார் 9,000 முறை கை போய்வர வேண்டும். அது பெரும்பாலும் பெண்களின் வேலை. தம் தாயின் தோளும் முழங்கையும் வலியில் ஒடுங்குவதைப் பார்த்த மல்லேசம், 1992இல் தொடங்கி 1999இல் அதற்கொரு கருவியைச் செய்து முடித்தார். தாயின் பெயரையே அதற்கு இட்டார்: லட்சுமி ஆசு இயந்திரம். நான்கைந்து மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாயிற்று. 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. போச்சம்பள்ளிச் சேலையின் ஆன்மா அதனால் செத்துவிடவில்லை. தாய்மாரின் தோள்கள்தாம் பிழைத்தன.

தறி வேண்டாம் என்றால் அடுக்களைக்கு வருவோம். கோயம்புத்தூரில் 1955இல் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் ருசி வராது என்று அன்று சொன்னவர்களில் பெரும்பாலோர் குழவியைத் தொட்டறியாத ஆண்களாகத்தான் இருந்திருப்பார்கள். இன்றும் அதைச் சொல்பவர்கள் உண்டு. அவர்களும் குழவியைத் தொடுவதில்லை. 2005-06இல் காஞ்சிப் பட்டுக்கும் கோவை கிரைண்டருக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசு ஏட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நம் இலக்கிய நெஞ்சில் மட்டும் பட்டு கலை. கிரைண்டர் வெறும் சாமான்.

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆண்டுதோறும் வகுப்பில் நன்னூல் பாயிரம் நடத்துகிறேன். பஞ்சு சொல்லாக, நூற்பவள் புலவனாக, அவள் கை வாயாக, கதிர் அறிவாக, இழை நூலாக வளரும் அந்த உவமையை விரித்துச் சொல்கிறேன். தமிழில் புத்தகத்துக்கும் இழைக்கும் ஒரே சொல் என்று பெருமைப்படுகிறேன். பதினைந்து ஆண்டுகளாக நடத்தியும், நூற்பவளின் அந்தக் கை வலித்திருக்குமா என்று ஒருமுறைகூட மாணவரிடம் கேட்டதில்லை. தறியின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்த நானே கேட்கவில்லை என்றால், மேடையில் உருகிய நண்பரை நான் எந்த உரிமையில் கடிந்துகொள்வது?

ஆயினும் ஒன்றை மட்டும் கேட்பேன். அடுத்த முறை ஒரு புதிய கருவியைப் பார்த்து வியக்கவோ வெகுளவோ தோன்றினால், இது யாருடைய வலியைக் குறைக்கிறது, அதன் பயன் யாரைச் சேர்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள். வாழைப்பழக் கருவி முதற் கேள்வியிலேயே விழுந்துவிடும். விசைத்தறிப் போலி இரண்டாவதில் விழும். இரண்டையும் தாண்டி நிற்பது எதுவோ, அதை வாசலில் நிறுத்தாதீர்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. ஒன்பதாவது படிக்கும் என் மகன் மேசையில் படித்துக்கொண்டிருந்தான். அவன் வயதில் அந்த நேரத்தில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது. அது அவனுக்குத் தெரியாமல் போனதை எந்தப் பண்பாட்டு இழப்பின் கணக்கிலும் எழுத நான் ஆயத்தமாக இல்லை.