அழுகை ஓய்ந்தால் அவதி ஓய்ந்ததாகாது

"கைக்குழந்தை எதற்கும் அழும், அதன் அவதியை எப்படி அளப்பது, அளந்துதான் என்ன பயன்?" மூச்சிரைக்கும் பிள்ளையோடு மல்கிரேவிலிருந்து பக்கத்துக் கிளேட்டனின் மொனாஷ் குழந்தைகள் மருத்துவமனைக்கு விரையும் பெற்றோரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அளக்க முடியாது என்பது தவறு. பச்சிளங்குழந்தைக்கு வலியே தெரியாது என்று நம்பி, மயக்கமருந்தைக் குறைத்தே அறுவை செய்த காலம் இருந்தது. அந்த நம்பிக்கையை 1987இல் ஆனந்த் என்ற மருத்துவரின் ஆய்வுகள் தகர்த்தன. 1997இல் வந்த 'ஃபிளாக்' அளவுகோல் முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்கும் தன்மை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளியிடுகிறது. பேசத் தெரியாத பிள்ளைக்கும் இது பொருந்தும். அடுத்தது, அழுகை நின்றால் சுகம் என்ற கணிப்பு. இது ஆபத்தானது. மூச்சுவிட்டே களைத்த குழந்தைக்கு அழவும் தெம்பிராது. ஆகவே அவதிப் புள்ளியை மூச்சு வேகம், நெஞ்சுக்குழி உள்வாங்குதல், ஒட்சிசன் அளவு ஆகியவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வலியையும் பயத்தையும் இந்த அளவுகோல் பிரித்துக் காட்டாது. உண்மைதான், மெல்பேர்ண் ஆய்வாளர்களே சிறு குழந்தைகளிடம் சோதித்து இக்குறையைச் சுட்டினர். ஆனால் சுவாச சிகிச்சையில் பயமும் பசியும் மூச்சுத்திணறலும் எல்லாமே கவனிக்க வேண்டியவை. புள்ளி ஏறினால் முகமூடி இறுக்கமா, மூக்கு அடைத்திருக்கிறதா, மூச்சு மோசமாகிறதா என்று தேடலாம். சரிசெய்தபின் மறுபடி அளந்தால் பலன் தெரியும்.

அளந்து பயனில்லை என்பதும் நிற்காது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் பிரான்சில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், தொடர் அழுத்தக் காற்றுச் சிகிச்சை தோற்றதற்கு முதன்மைக் காரணம் குழந்தையின் அசௌகரியமே. அவுஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 1,472 கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு (2018), மூக்குவழி உயர்வேக ஒட்சிசன் தந்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும் சாதாரண ஒட்சிசன் தந்தவர்களில் 23 சதவீதத்தினருக்கும் சிகிச்சை பலிக்கவில்லை என்றது. ஆனால் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான 1,567 பிள்ளைகளிடம் அதே உயர்வேக முறை மருத்துவமனை வாசத்தைக் குறைக்கவில்லை. சற்று நீட்டியது (2023). பலன் தெளிவில்லாத இடத்தில் பிள்ளை படும் பாடும் முடிவைத் தீர்மானிக்க வேண்டாமா?

தாதியருக்கு நேரமில்லை என்பார்கள். ஐந்து குறிகளைப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பிள்ளையின் வழக்கமான அழுகை எது, புதியது எது என்பதைத் தாயும் தகப்பனும் சொல்லிவிடுவார்கள். பெற்றோரே, "இப்போது புள்ளி எத்தனை, எதனால்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.