தேநீர் பசியாறல் ஆகுமா?

"பிள்ளை பசியாறி வந்தானா?" என்று பெற்றோரிடம் நாம் வினவும்போதெல்லாம், "தேத்தண்ணி குடித்துத்தான் வந்தான், ஐயா" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. தேநீர் குடித்தலும் பசியாறலும் ஒன்றே என்னும் எண்ணம் நம் தோட்டப்புறக் குடும்பங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் மாறினாலன்றி, மாணவர்தம் கல்வி முன்னேற்றத்திற்காக எத்தனை கூட்டம் கூட்டினும் பயன் சிறிதே என்பது நம் கருத்து.

இப்பழக்கம் வந்த வழியை நாம் அறிவோம். இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய தாய்க்குச் சமைக்க நேரம் ஏது? டின் பால் கலந்த தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் நொடியில் ஆயின. பின்னர் ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாயின. நம்மவர் பலர் நகர்ப்புறம் நோக்கிக் குடிபெயர்ந்தனர். லயத்து வீட்டை விட்டவர்கள் அந்தத் தேநீரை மட்டும் விடவில்லை. இன்று வேனில் ஏறி வரும் பிள்ளையும் அதனைக் குடித்தே வருகின்றான்.

அந்த டின்னில் இருப்பது யாது? இனிப்புப் பால் எனக் கருதி நாம் வாங்குவனவற்றுள் பல, சர்க்கரை, செம்பனை எண்ணெய், பால் மாவு ஆகியன கலந்த இனிப்புக் குழம்பேயாகும். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. ஐயமுடையோர் டின்னின் பக்கவாட்டில் உள்ள சிறிய எழுத்துகளைத் தம் பிள்ளையைக் கொண்டே படிக்கச் செய்யலாம். வாசிப்புப் பயிற்சியாகவும் அமையும்.

அன்றாட உணவாற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சேர்க்கைச் சர்க்கரை இருத்தல் வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கின் மேலும் நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இப்பின்னைய அளவு ஏறக்குறைய 20 கிராம். இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றிய ஒரு குவளைத் தேநீரிலேயே அவ்வளவும் நிறைந்துவிடுகின்றது. பொழுதோ அப்போதுதான் விடிந்திருக்கின்றது!

டின் பாலைப் பற்றிய எச்சரிக்கை புதியதன்று. 1939-இல் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பு டின் பாலை ஏழைத் தாய்மாரிடம் பரப்பியோரை அவர் கடுமையாகச் சாடினார். அவர் பேசியது கைக்குழந்தைகளைப் பற்றி. நம் கவலை பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி. எனினும் ஊட்டம் என்று நம்பி இனிப்பைக் கொடுக்கும் தாயின் நிலை இரண்டிலும் ஒன்றே.

தேயிலையாலும் ஒரு கேடு உண்டு. உணவோடு தேநீர் பருகினால், கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதை அதிலுள்ள துவர்ப்புப் பொருள் தடுக்கின்றது. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்து அமர்வான், கவனம் சிதறும். 'சோம்பேறி' என்று நாம் கடியும் சிலர், உண்மையில் சோகை நோயினராகவும் இருக்கலாம் என்பதை ஆசிரியப் பெருமக்களும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெரியோர் நிலையும் கவலைக்குரியதே. மலேசியாவில் 2019-இல் நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு எனக் கண்டது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையேதான் அது மிகுதி. சிறுவயது நாக்குப் பழக்கத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எவரேனும் கூறின் நாம் ஏற்கோம்.

'பள்ளியில்தான் துணை உணவு தருகின்றனரே' எனச் சிலர் கூறுவர். 1979-இல் தொடங்கிய அத்திட்டம் போற்றத்தக்கது. ஆயினும் அது எல்லா மாணவர்க்கும் உரியதன்று. நம் பள்ளியில் அது ஓய்வு நேரத்தில்தான் வழங்கப்படுகின்றது. ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளை பத்து மணி வரை எதைக் கொண்டு கணக்குப் போடுவான்?

நாம் விருந்து சமைக்கச் சொல்லவில்லை. அக்காலத்தில் எல்லாம் செம்மையாக இருந்தன என்றும் சொல்லவில்லை. அன்றும் தோட்டங்களில் சோகை மலிந்தே இருந்தது. நாம் கேட்பது ஓர் அவித்த முட்டை, இரவே ஊறவைத்து அவித்த ஒரு கைப்பிடிக் கடலை, அல்லது ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ். பாட்டி வீட்டிலிருந்தால் இது கடினமன்று. மாலையில், வேலியோரத்து முருங்கைக் கீரையைத் துவட்டி, எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்து கொடுக்கலாம். புளிப்பிலுள்ள வைட்டமின் சி இரும்புச் சத்தை உடல் ஏற்கத் துணைபுரியும். கொய்யாப் பழத்தில் ஆரஞ்சைக் காட்டிலும் மும்மடங்குக்கு மேல் அச்சத்து உண்டு. ஆனால் கொல்லைக் கொய்யா உதிர்ந்து அழுக, நம் பிள்ளைகள் கடையில் பாக்கெட் இனிப்பு நீர் வாங்குகின்றனர்.

தேநீரை அறவே ஒழியுங்கள் என்பது நம் வேண்டுகோளன்று. பெரியவர்கள் உண்டபின் ஒரு மணி நேரம் கழித்துப் பருகட்டும். பிள்ளைக்கு வெந்நீரோ சர்க்கரை சேராத பாலோ போதும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இது குறித்துப் பேசவிருக்கின்றோம். கூட்டத்தில் தேநீர் உண்டா என ஒரு பெற்றோர் இப்போதே கேட்டுவிட்டார். உண்டு, டின் பால் மட்டும் இராது.