பின்னால் வருகிறவரின் விளக்கு

எங்கள் வானூர் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். இண்டிகேட்டர் போட்டால் நிதானமாக அடிக்க வேண்டிய டிக் டிக், ஒருநாள் திடீரென்று படபடவென்று இரட்டை வேகத்தில் அடிக்கத் தொடங்கும். ரிலே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு 21 வாட் பல்புகள் இழுக்க வேண்டிய மின்சாரத்தை ஒன்று மட்டுமே இழுப்பதைக் கண்டுகொண்டு, அதை நமக்குத் தெரிவிக்கிறது. இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும் மின்ன வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டி அடிக்கும் சத்தத்தை, 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறோம். அப்படியே மாதம் ஓடிவிடுகிறது.

போனது அநேகமாகப் பின்பக்க விளக்காகத்தான் இருக்கும். ஓடும் காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், சாலையின் புழுதியும் ஈரமும் சுழன்று வந்து பின்பக்கத்தில்தான் படிகின்றன. வானூரில் வீடு இருந்தாலும் வண்டி மரக்காணம், கூனிமேடு, கோட்டக்குப்பம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் பாதி நாள் ஓடுகிறது. அந்தப் புழுதியில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு தானாகவே கரையும். கடற்கரை இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டாத நாள் குறைவு. பகலில் காய்ந்து, இரவில் கசிந்து, மறுபடி காய்ந்து, ஹோல்டருக்குள் இருக்கும் பித்தளையில் பச்சையாகக் களிம்பு பூக்கிறது. இரும்புத் தகடு துருவேறுகிறது.

எனவே இங்கே பல்பு வாங்கக் கிளம்புவதற்கு முன் ஹோல்டரைப் பார்க்க வேண்டும். திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் இதை ஒரே வரியில் சொன்னார்: "அண்ணே, பல்பு நல்லாதான் கீது, ஹோல்டருதான் உப்பு புடிச்சிப் போச்சு." ஊட்டியிலோ கோயம்புத்தூரிலோ ஒரு மெக்கானிக் முதலில் பல்பைத்தான் சந்தேகிப்பார். நம் கடற்கரையில் சந்தேகத்தின் வரிசையே வேறு.

இதற்கு ஒர்க்‌ஷாப் தேவையில்லை. சாவியை எடுத்துவிட்டு டிக்கியைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் பின்விளக்குக் கூட்டை இரண்டு ஸ்க்ரூவோ நட்டோ பிடித்துக்கொண்டிருக்கும். சிலவற்றில் டிக்கியின் உட்புறமாகவே கையை விடலாம். ஸ்க்ரூவைக் கழற்றியதும் கூட்டை நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் முளை உடையும். பிறகு ஹோல்டரை இடப்பக்கம் கால் சுற்று சுற்றினால் கையோடு வந்துவிடும். வழக்கமான உலோக அடிப் பல்பென்றால் லேசாக உள்ளே அமுக்கி, அதே திசையில் திருப்ப வேண்டும்.

பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை அறுந்திருந்தாலோ கண்ணாடி கறுத்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. இழை முழுசாக இருந்தால் மறுபக்கத்துப் பல்பைக் கழற்றி இங்கே போட்டுப் பாருங்கள். அதுவும் எரியவில்லையென்றால் ஹோல்டர், இல்லையென்றால் ஒயர். ஹோல்டரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தால் போதும். நம் வீடுகளில் பித்தளை என்றதும் கை புளிக்குப் போகும். எலுமிச்சை மூடிக்கும் போகும். இங்கே இரண்டும் வேண்டாம். குத்துவிளக்கைத் தேய்த்த பிறகு அலசிவிடலாம், ஹோல்டரின் இடுக்கை அப்படி அலச முடியாது. உள்ளே தங்கும் புளிப்பு அடுத்த களிம்புக்கு வழி செய்துவிடும். துடைத்து நன்றாகக் காய்ந்ததும் தொடும் இடங்களில் வாஸலினை மெல்லிசாகத் தடவினால் உப்பும் ஈரமும் அண்டாது.

களிம்பைக் கொஞ்சம்தானே என்று விட முடியாது. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 7 ஓம்தான். களிம்பால் ஒரே ஒரு ஓம் கூடினாலும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். விளக்கு எரியத்தான் செய்யும், காருக்குள் சத்தமும் சரியாகவே கேட்கும். ஆனால் சித்திரை மாத உச்சி வெயிலில் பின்னால் வருகிறவருக்கு அது எரிவதே தெரியாது.

புதிய பல்பு வாங்குவதென்றால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கவரின் கண்ணாடி ஆம்பர் நிறமென்றால் உள்ளே வெள்ளைப் பல்பு, பெட்டியில் பி 21 டபிள்யூ என்று இருக்கும். கவர் நிறமற்றதென்றால் பல்பே ஆம்பர், அது பி.ஒய். 21 டபிள்யூ. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிடக் கூடாது என்றுதான் ஆம்பர் பல்பின் பக்கத்து முளைகள் நேரெதிராக இல்லாமல் சற்றே விலகி இருக்கின்றன. அமுக்கித் திணிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். திணித்தால் பின்னால் வெள்ளையாக மின்னும், வண்டி ரிவர்ஸ் வருகிறதோ என்று பின்னால் இருப்பவர் குழம்புவார். பழைய ஆம்பர் பல்பின் பூச்சு உரிந்தாலும் இதே கதைதான். எல்.இ.டி. போடச் சொல்லும் கடைக்காரரிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அது இழுக்கும் மின்சாரம் குறைவு, பல்பு போய்விட்டதென்று ரிலே மறுபடி படபடக்கும். அதை அடக்க மாட்டும் ரெசிஸ்டர் நெருப்பாய்க் கொதிக்கும்.

இண்டிகேட்டர் போடும்போது பிரேக் விளக்கும் கூடவே மங்கலாக மின்னினால், அது எர்த் கோளாறு. திரும்பிப் போக நல்ல வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்துப் பல்பு வழியாகப் போகப் பார்க்கிறது. டிக்கிக்குள் எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிவிடுங்கள். கூட்டைத் திரும்ப மாட்டும்போது அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் சுருளாமல் உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மழை உள்ளே போகும் இடம் அதுதான்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் திண்டிவனம் - புதுச்சேரி சாலை. வானூருக்குத் திரும்ப கூட்டு ரோட்டில் வண்டியை மெதுவாக்குகிறோம், பின்னால் திருவக்கரை கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் வருகிறது. நம் ஊரில் வலது இண்டிகேட்டருக்கு இரண்டு அர்த்தம் ஏற்பட்டுவிட்டது. கார்க்காரருக்கு அது 'வலது பக்கம் திரும்புகிறேன்'. லாரி டிரைவர்களில் பலருக்கு அது 'என்னை முந்திப் போ'. இந்தக் குழப்பமே ஆட்களைக் கொல்லப் போதுமானது. இதில் விளக்கே எரியாவிட்டால், அரை இருட்டில் உப்பளத்து வேலைக்கு மொபெட்டில் போகிற பெண்மணி எதைப் பார்த்து ஒதுங்குவார்? நூறு ரூபாய்க்குள் வரும் ஒரு பல்பும் கால் மணி நேரமும் அவருக்கு நாம் தர வேண்டியவை. ஹசார்ட் ஸ்விட்சைப் போட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தால் நான்கு மூலைகளும் எரிகின்றனவா என்று தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை அதைச் செய்யுங்கள்.

கார்களைவிட மோசமான நிலையில் இருப்பவை டிராக்டர் டிரெய்லர்கள். உப்பும் கரும்பும் நெல்லும் ஏற்றிக்கொண்டு இரவில் போகும் பல டிரெய்லர்களின் பின்னால் விளக்கே கிடையாது. டிராக்டரிலிருந்து ஒயர் இழுத்து, இரண்டு பக்கமும் ஹோல்டர் மாட்டி, கீழே சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுவது எந்த ஆட்டோ எலக்ட்ரீசியனுக்கும் அரை நாள் வேலை. உப்பள உரிமையாளர்களும் கரும்பு ஏற்றுகிறவர்களும் சீசன் தொடங்கும் முன்பே அதை முடித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.