எழுவாய் இல்லாத கோபம்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பூனை இறந்தது. ஆண் பூனைகளுக்கு வரும் சிறுநீர்த் தடைதான் நோய். செம்பூரில் நள்ளிரவில் திறந்திருந்த ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். வெள்ளை அங்கி அணிந்த இளைஞர் ஒருவர் குழாய் செருகினார், ஊசி போட்டார். விடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று கேட்டேன், விடையில்லை. என்ன மருந்து செலுத்தினீர்கள் என்று கேட்டேன். மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தது.

மறுநாள் இதே பக்கத்தில் நீண்ட பதிவொன்று எழுதினேன். "வன்மையாகக் கண்டிக்கத்தக்கது", "உடனடி நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்" என்றெல்லாம் அதில் இருந்தது. நண்பர்கள் பலர் பகிர்ந்தீர்கள், நன்றி. ஆனால் இப்போது அதைத் திரும்பப் படிக்கையில், மொழியியல் பயின்ற எனக்கு வெட்கமாக இருக்கிறது. யார் நடவடிக்கை எடுக்க வேண்டும்? என்ன நடவடிக்கை? எத்தனை நாளுக்குள்? என் கோரிக்கைகள் ஒன்றிலும் எழுவாய் இல்லை. செயப்பாட்டு வினையின் வசதி அது. செய்பவரைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். சட்டவிதிக்கு அந்த வசதி கிடையாது. யார், யாருக்கு, எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அது சொல்லியே தீர வேண்டும்.

செல்லப்பிராணி வளர்ப்போராகிய நாம் இந்நாட்டில் உரக்கப் பேசுகிறோம். ஆனால் ஒரு விதியைக்கூட எழுதித் தருவதில்லை. "சட்டம் இயற்றுவது நம் வேலையா?" என்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறேன். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், அமைச்சர் அல்லர். 1953-இல் விலங்குவதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்த பின்னரே அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. கையில் எழுதப்பட்ட வரைவொன்று இருந்ததால்தான் அந்த உறுதிமொழியையே பெற முடிந்தது.

அச்சட்டத்தின் இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். முதற்குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதைத் திருத்த 2022-இல் ஒன்றிய அரசு ஒரு வரைவை வெளியிட்டு, டிசம்பர் 7 வரை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நம்மில் எத்தனை பேர் எழுதினோம்? நான் எழுதவில்லை. பிரிட்டனில் 2023 செப்டம்பரில் வணிகப் போட்டிக்கான ஆணையம் கால்நடை மருத்துவக் கட்டணங்கள் பற்றிக் கருத்துக் கேட்டபோது ஏறத்தாழ 56,000 பதில்கள் குவிந்தன. அடுத்த ஆண்டே முறையான விசாரணை தொடங்கியது.

வதைத் தடுப்புச் சட்டம் என் பூனையின் வழக்குக்கு உதவாது என்பதும் உண்மை. அங்கு நடந்தது வதை அன்று, கேள்வி கேட்பாரற்ற மருத்துவம். அதற்கான கோரிக்கையை யாரிடம் தருவது? டில்லியை நோக்கிக் கூவுவதே நம் வழக்கம். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை வேறு திசையைக் காட்டுகிறது. வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் உள்ளது. கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் மாநிலப் பட்டியலின் 15-ஆம் இனம். மருத்துவர்களைப் பதிவு செய்யும் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம்கூட, சில மாநிலங்கள் தீர்மானம் இயற்றிக் கேட்டதால்தான் நாடாளுமன்றத்தில் பிறந்தது. பதிவு பெறாதவர் கால்நடை மருத்துவம் செய்யக்கூடாது என்று அதன் 30-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மருத்துவரைப் பதிவு செய்வது, மருத்துவமனையை அன்று.

மனிதருக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். மகாராஷ்டிரத்தில் 1949 முதலே தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்யச் சட்டம் உண்டு. 2021-இல் திருத்தப்பட்ட அதன் விதிகளில் நோயாளர் உரிமைச் சாசனம் இடம்பெற்றது. நோயாளர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் பதிவேட்டைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி கூறுகிறது. ஆகவே நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நான்கு வாக்கியங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் எழுவாய் உண்டு:

1. கால்நடை மருத்துவமனையின் உரிமையாளர் அதனை மாநில அரசிடம் பதிவு செய்தல் வேண்டும்.

2. சிகிச்சை அளிக்கும் மருத்துவர் தம் பெயரையும் பதிவெண்ணையும் மருந்துச் சீட்டில் எழுதுதல் வேண்டும்.

3. உரிமையாளர் கட்டணப் பட்டியலை வாயிலில் வைத்தலும், இனவாரியான ரசீது தருதலும் வேண்டும்.

4. வளர்ப்பவர் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை சிகிச்சைப் பதிவேட்டின் படியைத் தருதல் வேண்டும். தவறினால் மாநில அரசு பதிவை நிறுத்திவைக்கலாம்.

"இதனால் சிறிய மருத்துவமனைகள் மூடப்படும், கட்டணம் ஏறும்" என்பார்கள். பெயர்ப் பலகைக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் ஆகும் செலவில் எந்த மருத்துவமனையும் மூடப்படாது. உண்மையில் இந்த விதிகளால் முதலில் பயனடைபவர் ஐந்தாண்டுக்கு மேல் படித்துப் பட்டம் பெற்ற நேர்மையான மருத்துவர்தான். பட்டமில்லாதவர் போடும் ஊசியின் பழி இன்று அவர் தலையிலும் விழுகிறது. தாராவியில் ஆடு வளர்க்கும் அக்காவுக்கு ரசீது இன்னும் முக்கியம். அவருக்கு ஆட்டின் சாவு துக்கத்தோடு கடனும்கூட. அவரை விட்டுவிட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பின் நாய்களுக்கு மட்டும் நாம் விதி எழுதினால் அது தோற்கத்தான் வேண்டும்.

வழி இருக்கிறது. மகாராஷ்டிரச் சட்டமன்றத்தில் மனுக்களை ஆராயவே ஒரு குழு உண்டு; மராத்தியில் எழுதி, நம் சட்டமன்ற உறுப்பினர் வழியாக அதனிடம் சேர்க்கலாம். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தக் கோருவதானால் மக்களவைக்கும் மனு அனுப்பலாம். செம்பூர், தாராவி, சயான் கோலிவாடா மூன்றும் ஒரே மக்களவைத் தொகுதி. ஒரே உறுப்பினரைத்தான் கேட்க வேண்டும். மக்களவை விதிகளின்படி தமிழிலும் மனு எழுதலாம். ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைத்துக் கையொப்பமிட வேண்டும். மனுவின் மொழி மரியாதையும் நிதானமும் உடையதாக இருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. என் பழைய பதிவு அந்த வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்.

தனிநபர் மசோதாக்களில் விடுதலைக்குப் பின் சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். ஆகவே நாளையே சட்டம் வரும் என்று நான் சொல்லவில்லை. ருக்மிணி தேவிக்கே ஏழாண்டுகள் ஆயின. ஆனால் அவர் 1953-இல் தொடங்கினார். நாம் இன்னும் தொடங்கவில்லை.

மேலே உள்ள நான்கு வாக்கியங்களைத் திருத்துங்கள், வெட்டுங்கள், ஐந்தாவதைச் சேருங்கள். கால்நடை மருத்துவ நண்பர்கள் கட்டாயம் குறை சொல்லுங்கள். மராத்தியில் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்கள் கை கொடுங்கள். கண்ணீர்க் குறிகள் மட்டும் இம்முறை வேண்டாம்.