ஓநாயின் உணவும் பொமரேனியனின் வயிறும்

நாயுணவு வாங்கச் செல்வோர் சிலர் அண்மைக் காலமாகப் பொதியின் முகப்பில் ஒரு சொல்லைத் தேடுகின்றனர்: 'தானியமற்றது'. அச்சொல்லின் அருகே பெரும்பாலும் ஓர் ஓநாய் நிற்கும். ஓநாய் நெல் விதைத்ததில்லை. ஆகவே அதன் வழித்தோன்றலான நாயும் சோறு உண்ணலாகாது என்பது விளம்பரகாரரின் தர்க்கம். எழுவான்கரையில் மீனும் படுவான்கரையில் நெல்லும் கிடைக்கும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு, மடியில் உறங்கும் மூன்று கிலோப் பொமரேனியனுக்குச் சோறு நஞ்சென்று நம்புவதை என்னவென்று சொல்வது?

நாய் ஓநாயன்று. 2013 இல் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் இதை எழுதினர். மாப்பொருளைச் சிதைக்கும் அமிலேசு நொதியத்துக்கான பரம்பரையலகு ஓநாயில் இரண்டு பிரதிகளே; நாயில் 4 முதல் 30 வரை. மனிதன் இட்ட உணவை உண்டே அது நாயாயிற்று. தானியத்தை நீக்கிய பொதிகளில் அதற்குப் பதிலாகப் பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் நிரப்பப்படுகின்றன. (ஓநாய்க்கு உருளைக்கிழங்கு கிண்டிக் கொடுத்தவர் யாரென்று பொதியில் எழுதியிருக்காது.) இத்தகைய உணவுகளை உண்ட நாய்களில் இதயத்தசை விரிந்து தளரும் நோய் காணப்படுவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்தது. காரண காரியத் தொடர்பு இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. ஆயினும் சோற்றை விலக்குவதால் நன்மை உண்டென்பதற்கு என்ன சான்று?

'சிறிய இனத்துக்கானது' என்ற வாசகத்தில் மட்டும் ஓரளவு உண்மையுண்டு. ஓய்வு நிலையில் 30 கிலோ நாய்க்குக் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 30 கலோரி போதும். மூன்று கிலோ நாய்க்கோ 53 கலோரி வேண்டும். வயிறும் வாயும் சிறியவை. ஆகவே உணவு செறிவாகவும் உருண்டை சிறிதாகவும் இருக்க வேண்டும். மூன்று மாதக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை உணவிடுக; நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் குருதியில் வெல்லம் குறைந்து நடுங்கி விழும். பொதியை வாங்குவோர் முகப்பை விட்டுப் பின்புறத்தைப் படிக்கட்டும். 'முழுமையானதும் சமநிலையானதும்' என்ற கூற்றும், அது குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்ற குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

இதைக் கேட்டு, மிஞ்சிய சோற்றில் சொதியை ஊற்றி வைப்பவர்கள் மகிழ வேண்டியதில்லை. சொதியின் வெங்காயம், வெந்ததாயினும், நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். அளவு உடல் எடையைப் பொறுத்ததாகையால் தெருநாய் தாங்குவதைப் பொமரேனியன் தாங்காது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு கணையத்தை அழற்றக்கூடும். அவித்த கோழியெலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். உப்பும் தூளும் இடாமல் அவித்து முள் நீக்கிய வாவி மீனும் குழையச் சமைத்த சோறும் நல்லுணவே; ஆனால் முள்ளோடு கல்சியமும் போய்விடுகிறது. அதை ஈடுசெய்யாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் வளரும் குட்டியின் எலும்பு வளையும். எவ்வளவு சேர்ப்பதென்று மிருக வைத்தியரைக் கேட்க வேண்டும்.

2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு, சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாயைத் தாண்டியபோது இறக்குமதிப் பொதி பலருக்கு எட்டாததாயிற்று. வாங்க இயலாதவர்கள் நாய்க்குத் துரோகம் செய்வதாகக் குறுகினர். ரொறொன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பயணப்பெட்டியில் பொதி கொண்டுவரும் உறவினர் அக்குற்றவுணர்வை மேலும் வளர்க்கிறார்கள். அதே வீட்டில் தேநீர் வேளையில் நாய்க்கு ஆளுக்கொரு மாரி பிஸ்கட் நீட்டப்படும். மூன்று கிலோ நாய்க்கு நாளுக்கு வேண்டியது ஏறத்தாழ 250 கலோரி. நான்கு பிஸ்கட்டிலேயே 100 கலோரி போய்விடும்.